பத்து நாள் வைத்த கஞ்சி

என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்தது அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில். காய்ச்சல் ஒரு மாதத்தில் இறங்கிவிட்டது. கூடவே பசியும் போய்விட்டது. அது மட்டும் திரும்பி வரவில்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. இறங்கினாலும் தங்காது. டாக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் மழுப்பத் தெரியாதவர். "மருந்தெல்லாம் குடுத்தாச்சுங்க. இனிமேச் சோறுதான் மருந்து. அவங்க சாப்பிட்டா எந்திரிச்சுக்குவாங்க. இல்லீன்னா என் கையில ஒண்ணுமில்லீங்க" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

நான் அப்போது மில்லில் டைம் ஆபீஸில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுகிற வேலை. உக்கடத்தில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். எங்களுக்குக் குழந்தை இல்லை, வீட்டில் வேறு ஆளும் இல்லை. கிணத்துக்கடவிலிருந்து அவளுடைய அண்ணன் வாரம் ஒரு முறை பஸ்ஸில் தேங்காயும் கடலையும் காயும் கொடுத்தனுப்புவார். அதோடு அவர் கடமை தீர்ந்தது.

விடியும் முன் எழுந்து தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டி, அரிசிக் கஞ்சி, பார்லிக் கஞ்சி, ராகிக் கூழ், ரசஞ்சோறு என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பேன். வாசம் பட்டதுமே அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு மெல்லிய குரலில், "உங்களுக்குத்தானுங்க சிரமம்" என்பாள். எனக்குக் கோபம்தான் வரும். என் சிரமத்தைப் பார்க்கிறவள் ஒரு வாய் தின்றால் என்ன? பாத்திரத்தை டக்கென்று வைத்துவிட்டு மில்லுக்குப் போவேன். சாயங்காலம் வந்தால் வைத்தது வைத்தபடி ஆடை கட்டிக் கிடக்கும். பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்லி, என் கையால் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். நின்றுகொண்டே தூங்க அந்த நாட்களில்தான் பழகினேன்.

டாக்டரின் கிளினிக் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருந்தது. அதே சந்தில் நாலு மேஜை போட்ட சீனாக்காரர் கடை ஒன்று. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவன் பிறந்தது கல்கத்தாவில், அவள் பிறந்தது மெட்ராஸில், வளர்ந்தது கோயம்புத்தூரில். கடையின் முன்பக்கம் நின்று பெரிய வடச்சட்டியைத் தீயில் தூக்கித் தூக்கிப் போட்டு நூடுல்ஸும் முட்டைச் சோறும் வறுப்பது அவன் வேலை. மில்களுக்கு மிஷின் பூட்ட வந்த வெளிநாட்டுக்காரர்களும், வால்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிறவர்களும், ரயிலுக்குக் காத்திருப்பவர்களும் அதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பலகையில் எழுதாத சமையல் ஒன்று பின்பக்கத்தில் நடக்கும். அது அவளுடையது. அடித்த முட்டையை ஆவியில் கட்டியாக்கியது, முள்ளங்கி போட்ட தண்ணீர்ச் சாறு, பூண்டு தட்டி வதக்கிய முட்டைக்கோஸ், இதெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. நாள்பட்ட வாடிக்கைக்காரர்கள், "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

நான் அங்கே டீ மட்டும்தான் குடித்தேன். கிளினிக்கில் இடம் இல்லாத நாட்களில் போய் உட்காருவேன், ஒரு டீ சொல்வேன். வேறு எதையும் தொட எனக்கு மனம் வரவில்லை. என்னென்னத்தைப் போடுகிறார்களோ என்று ஊரில் எல்லோரும் பேசியதை நானும் நம்பினேன். டம்ளரைக்கூட ஒரு முறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாய் வைப்பேன்.

ஒரு நாள் மேஜையிலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. எழுப்பியது அவள். "ஏனுங்க, டீ ஆறிப்போச்சுங்க. ஊட்டுல ஆருக்குங்க உடம்புக்கு?" என்றாள். அவள் பேசியது சுத்தமான கோயம்புத்தூர்ப் பேச்சு. சந்துக்குள் வந்த மாட்டைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவாள். களைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் உள்ளே போய், ஒரு மூடி போட்ட பாத்திரத்தோடு வந்தாள்.

"கஞ்சிதானுங்க. காலையில அடுப்புல வெச்சா மத்தியானம் வரைக்கும் கெடக்கும். அரிசியே தெரியாது. குடுத்துப் பாருங்க" என்றாள். நான் தயங்குவதைப் பார்த்து, "கோழி எலும்பு கொதிச்ச தண்ணியில வெச்சது. இஞ்சி, உப்பு. வேற ஒண்ணும் இல்லீங்க" என்றும் சொன்னாள்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெள்ளையாக, வழவழவென்று, மேலே ஊசி போல நறுக்கிய இஞ்சியோடு இருந்தது. என் மனைவி மோந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பவில்லை. ஒரு வாய் குடித்தாள், இன்னொரு வாய் குடித்தாள். பாதிப் பாத்திரம் காலியானபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அழுததை அவள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

"ஆரு வெச்சதுங்க இது?" என்று கேட்டாள்.

என் மனைவி ஓட்டலில் சாப்பிடாதவள். பழனிக்குப் போன இடத்தில் தெரியாத கைச் சோறு வேண்டாம் என்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்தவள். சீனாக்காரர் கடை என்று சொன்னால் குடித்ததும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேன். "மில்லுல என்கூட வேலை செய்யறவரு சம்சாரம் வெச்சுக் குடுத்தாங்க" என்றேன். சிரமமே இல்லாமல் வாயில் வந்துவிட்டது.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. ஓட்டலிலிருந்து வந்தால் அது வெறும் பாத்திரம். ஒரு வீட்டிலிருந்து வந்தால் அதைச் சும்மா திருப்பி அனுப்பக் கூடாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அனுப்ப மாட்டாள். மறுநாள் காலையில் எங்கள் வீட்டுத் தூக்குப் போசியையும் அந்தப் பாத்திரத்தையும் நான் எடுத்தபோது, "இருங்க" என்றாள். படுத்தபடியே அலமாரியைக் காட்டி, ஓர் அச்சு வெல்லத்தை எடுத்துப் பாத்திரத்தில் போடச் சொன்னாள். "வெறும் பாத்திரம் போனா அவங்க என்ன நெனைப்பாங்க?"

கடைக்காரி வெல்லத்தை இரண்டு கைகளாலும் வாங்கினாள். அன்று கஞ்சியோடு ஆவியில் வேகவைத்த முட்டையும் வந்தது. அதற்குப் பதிலாக என் மனைவி இரண்டு தேங்காய் அனுப்பினாள். தேங்காய் போன நாளிலிருந்து கடைக்காரி என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டாள். அவர்கள் வழக்கத்தில், வந்ததைவிடக் குறைவாகத் திருப்பினால் அவமரியாதையாம். முள்ளங்கிச் சாறு வந்தது, கடலை போனது. முட்டைக்கோஸ் வந்தது, முருங்கைக்காய்க் கட்டுப் போனது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இரண்டு பெண்களும் பிடிவாதம் பிடித்தார்கள். நடுவில் பொதி சுமந்தது நான். மில்லுக்கு டிபனோடு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முருங்கைக்காயோடு போனவன் நான் ஒருவன்தான்.

ஆவணியில் என் மனைவி எழுந்து உட்கார்ந்தாள். புரட்டாசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தாள். புரட்டாசிச் சனிக்கிழமையில் எங்கள் வீட்டில் கவிச்சி ஆகாது. முதல் வாரம் தயங்கித் தயங்கிக் கடைக்காரியிடம் சொன்னேன். எலும்பு போடாமல் கடலையை அரைத்து ஊற்றி வைத்துக் கொடுத்தாள். மூன்றாம் சனிக்கிழமை நான் சொல்ல மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை. "இன்னைக்குச் சனிக்கிழமைங்களே" என்று தனியாக வைத்திருந்த போசியைக் கொடுத்தாள். இதை நான் என் மனைவியிடம் சொல்லவும் முடியவில்லை. எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தானே என்று அவள் நினைத்திருப்பாள்.

ஐப்பசியில் சீனாவோடு சண்டை மூண்டது.

ரேடியோ இருந்த கடைகளின் முன்னால் கூட்டம் நின்றது. மில்லில் வேறு பேச்சே இல்லை. கடையில் நாலு மேஜையும் காலியாகக் கிடந்தன. பலகையை அவனே கழற்றி உள்ளே வைத்துவிட்டான். வாரம் ஒரு நாள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும் என்று இருவருக்கும் உத்தரவு வந்திருந்தது. பிறந்ததிலிருந்து இந்த மண்ணைத் தவிர வேறு மண் தெரியாதவர்கள். அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போசியை நிரப்பிக் கொடுத்து, "அம்மா நடக்கறாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு நாள் எங்கள் டைம் ஆபீஸ் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, நீங்க தினமும் அந்தச் சீனாக்காரன் கடைக்குப் போசியோட போறீங்களாமா? என்னத்தக் கொண்டு போயி என்னத்தக் கொண்டு வாரீங்க?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரிக்கவில்லை. மறுநாள் நான் அந்தச் சந்துக்குள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. டாக்டரிடம் போகவேண்டி வந்தபோதுகூடச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகப் போனேன். இதைக் கேட்டுவிட்டு, காலம் அப்படி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குச் சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் சமாதானம் எனக்கு வேண்டாம். கடைக்குள் போகாதே என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகப் பயந்தேன், அவ்வளவுதான்.

"அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்று வீட்டில் சொன்னேன். மறுபடியும் நானே கஞ்சி வைத்தேன். அரிசியைக் குழைய வேகவைத்தேன், இஞ்சியும் நறுக்கிப் போட்டேன். இரண்டு வாய் குடித்தாள், வாந்தி எடுத்தாள். நாலாம் நாள் எழுந்து நடப்பதை நிறுத்தினாள். எட்டாம் நாள் உட்காருவதும் நின்றது. ஐந்து மாதத்தில் ஏறியதெல்லாம் ஒரு வாரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மில்லில் உட்கார்ந்து நேரம் எழுதும்போது, இன்றைக்குப் போய்விடலாம், இன்றைக்குப் போய்விடலாம் என்று நினைப்பேன். சாயங்காலம் பஸ் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிற்கும். நான் இறங்க மாட்டேன்.

பத்தாம் நாள் அவள் ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். "சொல்லாமக் கொள்ளாமப் போற பொண்ணா அது இருக்காதுங்க. ஊட்டுல ஏதோ கெட்டது நடந்து போச்சு. நல்லா இருக்கீங்களான்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க." முகம் தெரியாத ஒருத்தியின் குணத்தை அவள் அப்படி நிச்சயமாகச் சொன்னாள். நான் காகிதத்தை மடியில் வைத்து அவள் சொன்னதையெல்லாம் எழுதினேன். முடித்ததும், "விலாசம் எழுதிப்போட்டீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு அது தீர்ந்துபோயிருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடை, கடைக்காரி, கோழி எலும்பு, சனிக்கிழமை, மேலதிகாரி, எதையும் விடவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாந்தி வரும் என்று பயந்து சட்டியை அருகில் நகர்த்தினேன். அவள் அதைக் கையால் தள்ளினாள்.

"நீங்க அங்க என்ன சாப்பிடுவீங்க?"

"டீ குடிப்பேன்."

"கஞ்சி?"

"இல்ல."

"ஒரு வாய்கூட?"

அவள் தள்ளிய சட்டியை எடுத்து மூலையில் வைத்தேன்.

"அவங்க கையில வாங்கித் திங்க உங்களுக்கு மனசு வல்லை. எனக்கு மட்டும் தினமும் கொண்டாந்து ஊத்திப்போட்டீங்க" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அது போகட்டுமுங்க. என்னை உசுரோட வெச்ச ஊடு. பத்து நாளா அவங்க என்ன ஆனாங்கன்னு எட்டிக்கூடப் பாக்கலையா நீங்க? போய் ஒரு ஜட்கா கூட்டியாங்க."

ஜட்காவில் என் மேல் சாய்ந்து உட்கார்ந்து வந்தாள். கனமே இல்லை. மடியில் போசி. அதில் வீட்டில் கைக்கு அகப்பட்ட அவரைக்காயும் கொஞ்சம் அரிசியும். கடையில் ஒரு கதவு சாத்தி, ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே மேஜைகளை அடுக்கிவிட்டு அவன் பெரிய வடச்சட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். கல்கத்தாவில் இருக்கும் அவன் அண்ணனிடம் போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். அதற்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. மறுநாள் காலை வண்டி.

கடைக்காரி முதலில் போசியைத்தான் பார்த்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பத்து நாளா இவரு வல்லீங்க" என்றாள் பிறகு. "நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போகல கண்ணு. இருக்கேன் பாரு."

"தினமும் அடுப்புல வெச்சேனுங்க. ஒருவேளை இன்னைக்கு வந்துருவாரோன்னு. சாயங்காலம் ஆனா நாங்க ரெண்டு பேரும் குடிச்சுருவோம்." அன்றைக்கும் வைத்திருந்தாள். மூட்டை கட்டுகிற வீட்டில் கட்டாமல் இருந்த ஒரே பாத்திரம் அதுதான்.

அடுக்கிய மேஜை ஒன்றை இறக்கிப் போட்டு, என் மனைவியை உட்கார வைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். ஓட்டல் மேஜையில் என் மனைவி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தைக் கையில் எடுத்தவள் குடிக்கவில்லை. "இவருக்கும் ஒரு கிண்ணம் ஊத்து கண்ணு" என்றாள். ஊற்றினாள். நான் குடித்தேன். அரிசி, இஞ்சி, உப்பு. எங்கள் அம்மா வைக்கும் கஞ்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, பொறுமையைத் தவிர. இதற்காகவா ஐந்து மாதம் டம்ளரைத் தூக்கிப் பார்த்தேன் என்று எனக்கே கேவலமாக இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை பார்த்திருந்துவிட்டு என் மனைவி தன் கிண்ணத்தைக் குடித்தாள். இரண்டாம் கிண்ணமும் கேட்டாள்.

கிளம்பும்போது, "நாளைக்கு ரயில்ல எத்தன நாளு?" என்று கேட்டாள். மூன்று நாள் ஆகும் என்றான் அவன். "அப்பக் கட்டுச்சோறு நான் கட்டித் தாட்டி உடறேன்" என்றாள் என் மனைவி. இடுப்பில் புடவை நிற்காத உடம்போடு அவள் அதைச் சொன்னாள்.

மறுநாள் விடியும் முன் நான் எழுந்தபோது அவள் அடுப்பங்கரையில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அடுப்பை மூட்டியிருந்தாள். நான் புளி கரைத்தேன், கடலை உரித்தேன். அவள் தாளித்துக் கிளறினாள். நடுவில் இரண்டு முறை சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். உப்புப் பார்க்க உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். பிறகு இன்னொரு கை எடுத்துத் தின்றாள். அது உப்புப் பார்க்க அல்ல. பசித்திருக்கிறது. அவள் பிழைத்துவிடுவாள் என்று எனக்கு அப்போது தெரிந்தது. அப்படியேதான் ஆயிற்று, அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தாள்.

வாழையிலையில் சோற்றை வைத்து, நாரால் கட்டி, என் கையில் கொடுத்தாள். "கையில குடுத்துப்போட்டு வாங்க. ஆள்கிட்டக் குடுத்தனுப்பாதீங்க" என்றாள்.

பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தூரத்திலேயே அவர்களைப் பார்த்தேன். மூட்டைகளின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அவர்களைச் சுற்றிப் பத்தடிக்கு யாரும் இல்லை. அதற்கு அப்பால் கூட்டமாக நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறவர்களில் மில் ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அந்தப் பத்தடியை நான் கடக்கவேண்டும். கடைக்காரி தலையைத் தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டேன். வண்டி வந்தது, ஏறினார்கள், போனது.

உக்கடம் ஏரிக்கரையில் உட்கார்ந்து நாரை அவிழ்த்தேன். எறிய மனம் வரவில்லை. மூன்று நாள் பயணத்துக்குக் கட்டிய சோறு, ஒரு ஆள் தின்று தீரவில்லை. மீதியை நாய்களுக்கு வைத்துவிட்டுத் தண்ணீரில் கை கழுவினேன்.

வீட்டில் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "குடுத்துட்டீங்களா?" என்றாள். குடுத்தேன் என்றேன். "அந்தக் கண்ணு என்ன சொல்லுச்சு?" சந்தோஷப்பட்டாங்க, உன்னை உடம்பைப் பாத்துக்கச் சொன்னாங்க என்றேன். அவள் முகம் மலர்ந்தது. பிறகு கொஞ்சம் கவலையோடு, "எனக்கு நாக்கு செத்துக் கெடந்துச்சு. உப்பு சரியா இருந்துச்சுங்களாமா?" என்று கேட்டாள்.

சரியா இருந்துச்சு என்றேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.